கூடாரத்தில் இரண்டாவது நாற்காலி

அன்புள்ள லோர்னா,

உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே டகோட்டாவின் குளிர் என்னை ஒன்றும் செய்யவில்லை.

ஞாயிறன்று, எண்ணெய்க் கிணற்றில் என்னோடு வேலை செய்யும் டுவெய்னின் நிலத்துக்கு மான் வேட்டைக்குப் போனேன். மான்களுக்குப் பழகட்டும் என்று மறைவுக் கூடாரத்தை முன்கூட்டியே அடித்துக் கிளைகளால் மூடியிருந்தோம். பெரிய கொம்புள்ள மான் ஒன்று வந்து அந்தக் கிளையையே கடித்தது.

"லோர்னா, இது உன் முறை, சுடு" என்று, ஊரில் நாம் மாறி மாறிச் சுடும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். மான் ஓடியே போய்விட்டது.

"விரட்டிட்டியேய்யா! உள்ள யார்கூட பேசுற?" என்று வந்த டுவெய்ன், நான் விரித்திருந்த இரண்டு நாற்காலிகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

இருட்டுக் கூடாரத்துக்குக் கறுப்பு உடுப்புதான் சரி. உன் கறுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. எனக்குப் பத்தாது, பரவாயில்லை. சோப்பு வாசனையை மான் கண்டுபிடித்துவிடும். அதனால் துவைக்காமல் அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வெர்லின்