சம்பந்தி வண்டியில் சத்தமில்லை

திருநின்றவூர்,
தாது வருஷம், ஐப்பசி மாதம்.

சிரஞ்சீவி கங்காதரனுக்குத் தகப்பன் வேம்புலி மனமார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நானும் உன் தாயாரும் சுகம். ரங்கூனில் நீயும் மருமகள் வசந்தாவும் சுகமாக இருப்பதை உன் மாமனார் வீரராகவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு நீ காகிதம் போட்டு வெகுநாளாயிற்று. அவருக்குப் போன வாரம்கூட வந்ததாம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என் வண்டிக்குப் பக்கத்தில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "சம்மந்தி, மாப்ளே எழுதிகீறாரு" என்று எல்லோர் எதிரிலும் பிரித்துப் படித்தார். எனக்கும் வந்தது என்று பொய் சொல்லிவிட்டுப் போய் டீ குடித்தேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பிவிட்டது. உன் தாயாருக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நம் பஸ் விஷயம் அவள் சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே எழுதிவிடுகிறேன். போன லீவில் வந்தபோது நீ ஆவடியில் உன் மாமனார் பஸ்ஸுக்கு அடியில் படுத்து அதன் ஸ்டியரிங் சத்தத்தைச் சரிசெய்தாயே, அன்று முதல் அந்த வண்டி குழந்தை திருப்பினாலும் திரும்புகிறது. ஏறுகிற ஜனங்களிடமெல்லாம் "எங்க மாப்ளே கை வெச்ச வண்டி" என்று சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. நாள் கணக்கில் அங்கேயே கிடந்தாய். பெற்றவன் வண்டியை ஒரு தரம் குனிந்து பார்த்தாயா? கப்பல் ஏறுகிற அன்றைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாய். போனவன் ஆள்மூலமாக அவருக்கு ஸ்டியரிங் ஸ்பிரிங்கும் சாமான்களும் அனுப்பினாய், எனக்குக் கம்பளி அனுப்பினாய். கம்பளி நல்ல கம்பளிதான், குறை சொல்லவில்லை.

புரட்டாசியில் நம் வண்டியும் சத்தம் போட ஆரம்பித்தது. இடதுபக்கம் ஒடித்தால் கர்ரென்று ஒரு முனகல், பிறகு டொக்கென்று ஓர் அடி. கிரீஸ் போட்டேன், முன் சக்கரங்களுக்குக் காற்று அடித்தேன், ஸ்டியரிங் பெட்டியில் ஆயில் ஊற்றினேன், போகவில்லை. பூந்தமல்லி ஷெட்டில் உஸ்மான் கனி கேட்டுவிட்டு, "சக்கரத்துக்குப் போற தண்டோட முனையைக் கழட்டிப் பாத்துடலாம் நைனா, வண்டியை வுட்டுட்டுப் போ" என்றான். அந்த ஷெட்டுக்குத்தான் உன் மாமனாரும் வருவார். என் வண்டி அங்கே கழற்றிக் கிடப்பதை அவர் பார்க்க வேண்டுமா? பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அவரே ஒரு நாள், "இன்னா சம்மந்தி, வண்டி இப்பிடி முனகுது, நான் வந்து பாக்கவா?" என்று கேட்டார். பாரம் ஏற்றினால் அப்படித்தான் என்றேன். அப்போது வண்டியில் ஓர் ஆள்கூட இல்லை.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரை வளைவில் இடதுபக்கம் ஒடித்தேன், ஸ்டியரிங் அப்படியே இறுகிக்கொண்டது. திரும்பி வரவில்லை. இரண்டு கையாலும் இழுக்கிறேன், அசையவில்லை, எதிரே தண்ணீர். வண்டி நிறைய ஜனங்கள். பிரேக்கின் மேல் ஏறியே நின்றேனப்பா. முன் சக்கரம் கரை விளிம்பில் போய் நின்றது. படியோரம் இருந்த ஒருத்தி கத்திரிக்காய்க் கூடையோடு கரையில் விழுந்து, காயெல்லாம் ஏரியில் மிதந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. வேப்பம்பட்டு ஆள் ஒருவர் இறங்கி, "இன்னா நைனா, ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன்னு ஏரிலே குளிப்பாட்டப் பாத்தியே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாடு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தோம்.

மறுநாள் காலையில் உன் மாமனார் வந்து நின்றார், யார் சொன்னார்களோ. வெள்ளை வேட்டியோடு வண்டிக்கு அடியில் நுழைந்தார். உன் தாயாரை டிரைவர் ஸீட்டில் ஏற்றி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பச் சொன்னார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் காதுக்குப் பக்கத்தில் எலும்பில் அழுத்திக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு இடமாக வைத்துக் கேட்டார். "மாப்ளே சொல்லிக் குடுத்தாரு. எங்க வெச்சா சத்தம் ஜாஸ்தியோ அங்கதான் நோவு" என்றார். என் பிள்ளை சொல்லிக்கொடுத்ததை அவர் எனக்குச் சொல்கிறார்! பொறுக்கமுடியாமல் நானும் உள்ளே நுழைந்து பக்கத்தில் படுத்துக்கொண்டு கம்பியை வாங்கிக் கேட்டேன். ஸ்டியரிங் பெட்டியில் சத்தமில்லை, தண்டின் முனையில் உருளும் இரும்புக் குண்டில்தான் இருந்தது. கழற்றினால் உள்ளே ஸ்பிரிங் முறிந்து, துண்டு குண்டுக்கும் அதன் கிண்ணத்துக்கும் இடையில் சிக்கியிருந்தது. நீ அவருக்கு அனுப்பிய ஸ்பிரிங்கையே எடுத்து வந்திருந்தார்.

அதைப் பூட்டும்போது நான் வாயை அடக்க முடியாமல், உங்களுக்கென்ன சம்பந்தி, நாள் கணக்கில் படுத்து வேலை செய்ய மாப்பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிவிட்டேன். அவர் திருகுவதை நிறுத்திவிட்டார். "ஒரே நாள்ல முடிஞ்ச வேலை சம்மந்தி. நான்தான் இன்னும் ஒரு சத்தம் கீது, இன்னும் ஒரு சத்தம் கீதுன்னு சொல்லி நிறுத்திக்கினேன். எனக்கு ஆம்பளப் புள்ளை இல்லை. உங்களைப் பாத்தா எனக்கு வயிறு எரியும்" என்றார். மேலே உன் தாயார் திருப்புவதை விட்டுவிட்டாள், கேட்டிருப்பாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளையின் லீவைத் திருடிய ஆள், என் வண்டிக்கு அடியில், என் பக்கத்தில். ஆனால் அவர் முகமெல்லாம் கிரீஸ். என் துண்டைக் கொடுத்தேன்.

இப்போது வண்டி நன்றாகத் திரும்புகிறது. ஏரிக்கரையில் மட்டும் கை தானாக இறுகுகிறது, அது போய்விடும். கூடைக்காரிக்கு நம் தோட்டத்துக் கத்திரிக்காயை உன் தாயார் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மழையில் நனையாதே. வண்டிக்கு அடியில் படுக்கிறபோது சக்கரத்துக்குக் கல் வை. வசந்தாவைப் புளிப்பு அதிகம் சாப்பிட விடாதே. அடுத்த லீவில் நேரே திருநின்றவூரில் வந்து இறங்கு. நீ வந்த செய்தி ஆவடிக்கு மெதுவாகப் போனால் போதும். உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசும் புத்திரபாக்கியமும் உண்டாகட்டும். இதை எழுதும்போது உன் மாமனார் எதிரில் உட்கார்ந்து உன் தாயார் சுட்ட அடையைத் தின்றுகொண்டு, தாம் விசாரித்ததாக ஒரு வரி எழுதச் சொல்கிறார். காகிதத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டேன். விசாரித்தார்.

இப்படிக்கு,
உனக்கு இருக்கும் ஒரே தகப்பன்
வேம்புலி