நான் நம்பாத டாக்டரிடம் காலை நீட்டினேன்

என் உயிரான கோமளா அக்காவுக்கு,

நீ போன இடத்தில் செருப்பு தேவைப்படாது என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு இப்போதுதான் ஒன்று காலில் ஏறியிருக்கிறது. மவுண்ட் ரோட்டுக் கம்பெனியில் கூர்மூக்கு பூட்ஸ் போட்டுக்கொண்டு மாடாக உழைத்தேனே, அதற்குக் கிடைத்த இனாம் இது: இடது கால் பெருவிரல் அடியில் எலும்பு புடைத்து, விரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துவிட்டது. டிராமில் ஏறினாலே கண்ணில் தண்ணீர் வரும். வெட்டிச் சரிசெய்தால்தான் இனி நடை என்றார்கள்.

கத்தி என்றால் எனக்கு யார் ஞாபகம் வரும்? உனக்குத் தோளில் ஒரு சின்னக் கட்டி. கைராசிக்காரர் என்று ஊரே சொன்னதை நம்பி லஸ் டாக்டரிடம் போனாய். மயக்க மருந்து கொடுத்தார்கள். நீ அப்புறம் கண் திறக்கவில்லை. நான் அப்போது ரங்கூனில் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சரியாகச் சொன்னதில்லை.

சந்தேகப் பிராணி என்று என்னைக் கேலி செய்வாயே, அந்தக் குணம் போகவில்லை. பார்த்த டாக்டரிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன்: "உங்க கையில யாராவது செத்திருக்காங்களா?"

தியாகராய நகர் டாக்டர் முகம் சிவந்து, "வெளியே போய்யா" என்றார். அடையாற்றுக்காரர் சிரித்தார். "நம்ம கை பட்டா பொணம்கூட எழுந்து உக்காரும், சார்." அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை. இருவரிடமும் காலைக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.

பிறகு லஸ்ஸுக்குப் போனேன். வைத்தியத்துக்கு இல்லை அக்கா, உன் டாக்டர் புளுகுவதைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். நான் யார் என்று சொல்லவில்லை. விலாசத்தைக்கூட மாற்றிச் சொன்னேன்.

கேள்வியைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். "செத்திருக்காங்க. மந்தைவெளி அம்மா ஒருத்தங்க. தோள்ல சின்னக் கட்டி. மயக்க மருந்து வேண்டாம், வலியைத் தாங்கிக்கறேன்னு சொன்னாங்க. நான் கேக்கல. தப்பு என்னுதுதான். இப்போ சின்ன வேலைக்கெல்லாம் ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கறேன்."

வேண்டாம் என்று நீ சொன்னாயா, அக்கா?

அவரை நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. என் காலுக்கும் அந்த ஊசியே போதும் என்றார்; கண் திறந்திருந்தால் என்னை ஏமாற்ற முடியாது என்றுதான் ஒப்புக்கொண்டேன். மேசையில் படுத்தபடி தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். "தலையைக் கீழ வைங்க, உங்க காலை எவரும் தூக்கிட்டுப் போகல" என்று நர்ஸ் அதட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகும் கட்டுக்குள்ளே விரல் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். பிரித்துப் பார்க்கப் போன என் கையை என் பெண்டாட்டி தட்டிவிட்டாள்.

நேற்று டாக்டர் கடைசிக் கட்டைப் பிரித்தார். விரல் நேராக இருந்தது. வாசல்வரை நடந்தேன், வலியே இல்லை. திரும்பியபோது அவர் சொன்னார்: "உங்க அக்கா மாதிரியேதான். படுத்துக்கிட்டும் கேள்வி."

எப்போது தெரியும் என்று கேட்டேன். "வந்த அன்னைக்கே. அதே முகம்."

அப்படியானால் அன்று சொன்னது உண்மையா, என்னைக் கண்டு பயந்து சொன்னதா? பயந்தவர் உன் தம்பி காலிலேயே கத்தி வைப்பாரா? வேறு டாக்டரைப் பார் என்று அனுப்பியிருக்கலாமே?

ஒரு ஊசி போதுமாம், அக்கா. உனக்கும் அது போதுமாயிருந்திருக்கும். மாட வீதியில் நின்று அழுதுவிட்டேன். "இன்னா நைனா, கால் நோவுதா?" என்று கூடையோடு போன மீன்காரி கேட்டாள். ஆமாம் என்றேன்.

அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. ஆனால் இனி நம் வீட்டில் யார் அந்த மேசையில் படுத்தாலும், அவர்கள் "வேண்டாம்" என்று சொன்னால் டாக்டர் அதைக் காதில் வாங்கும்வரை கத்தியைத் தொட விடமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

கூடப் பிறந்தும் அன்று கூட இல்லாத உன் தம்பி,
ஏகாம்பரம்