நிழலுக்கு உபயம்

அரியலூர்,
09-02-2025, ஞாயிற்றுக்கிழமை,
காலை 6.10 மணி.

பொருள்: பேருந்து நிழற்குடையில் பதிக்கப்பட்ட கல் தொடர்பாக

அன்பு நண்பருக்கு,

மேசைமேல் ஒரு கைத்துணி கிடக்கிறது. நேற்று மாலைவரை வெள்ளையாக இருந்தது. இப்போது சாம்பல் நிறம். நாம் இருவரும் பணியாற்றிய சிமெண்ட் ஆலையின் வாசனை அதில் அடிக்கிறது. உங்கள் சட்டைக் காலரில் எப்போதும் இருந்த வாசனை. முகர்ந்ததும் உங்களிடமே முறையிட்டுவிடலாம் என்று தோன்றியது. வேறு யாரிடம் சொன்னாலும், "விடுங்க சார், வயசான காலத்துல" என்கிறார்கள்.

பிரிவுச் சாலை நிறுத்தத்தில் உள்ள நிழற்குடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் திரும்புவதற்காக அங்கிருந்த மூன்று புளியமரங்களை ஆலை வெட்டியது. ஆண்டிமடம் பேருந்துக்குக் காத்திருந்த பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். நலத்துறை அதிகாரியாக இருந்த நீங்கள் மேலிடத்தோடு ஓராண்டு மல்லுக்கட்டி அந்தக் கூரையை வாங்கித் தந்தீர்கள். திறப்புக்கு முந்தைய நாள், ஆலையின் பெயரோடு 'உபயம்' என்று பொறித்த கல் வந்து இறங்கியது. இறக்கிய வண்டியிலேயே அதைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தேன்.

"என்ன காலண்டர், மூச்சு வாங்குது?" என்றீர்கள். நாள் தவறாமல் வருகைப் பதிவு எழுதும் டைம் ஆபீஸில் இருந்த என்னை நீங்கள் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"நாளைக்கு ஜி.எம். வராருங்க. கல்லு எங்கன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"மரத்த வெட்டுனது நாம. நெழலத் திருப்பிக் குடுக்குறோம். அதுக்குப் பேரு உபயமா? கேட்டா இதையே சொல்றேன்."

அவர் கேட்டார். நீங்களும் சொன்னீர்கள். அடுத்த மாதமே ஸ்டோர்ஸுக்கு மாற்றப்பட்டு, ஓய்வு பெறும்வரை சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தீர்கள்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். உங்கள் முதலாண்டு நினைவையொட்டி அதே ஆலை, அதே நிழற்குடைக்கு வர்ணம் பூசி உங்கள் பெயரைச் சூட்டப்போவதாக அறிவித்தது. கல்லில் பொறிக்கும் வாசகத்தைச் சரிபார்க்க எனக்கு அனுப்பினார்கள். 'சேவைச் செம்மல்' என்ற பட்டத்தோடு உங்கள் பெயர். அடியில், 'உபயம்' என்று ஆலையின் பெயர். போதாதற்கு, நீங்கள் மறைந்த தேதியும் ஒரு நாள் பிசகியிருந்தது.

நேரில் போனேன். சமூகப் பொறுப்புப் பிரிவுக்கு இப்போது தனிக் கட்டடம், குளிரூட்டிய அறை. அதன் மேலாளர் மரியாதை தெரிந்த இளைஞர்தான்.

"தேதிய மாத்திடலாம் சார். உபயம் இருக்கட்டுமே? கோயில்லகூட போடுறாங்களே."

"கோயில்ல போடுறவங்க, சாமியோட மரத்த வெட்டிட்டா தம்பி போடுறாங்க?"

அவர் விழித்தார். "அங்க மரம் இருந்துச்சா சார்?"

நிமிர்ந்து பார்த்தேன். நிறுவனத்தின் நெறிமுறைகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவர் தலைக்குமேல் தொங்கின. முதல் வரி நேர்மையைப் பற்றியது.

அந்தக் கல்லே வேண்டாம் என்று ஓர் ஆட்சேபக் கடிதம் எழுதி, கையெழுத்துக்காக உங்கள் துணைவியாரிடம் கொண்டுபோனேன். படித்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

"அவரு ரிட்டயர் ஆன அன்னிக்கு ஒரு மாலை போடல அண்ணே. பஸ்ஸுக்கு நிக்கிறவங்க யாருக்கும் அவராலதான் இந்தக் கூரைன்னு தெரியாது. இப்பதான் பேரு போடுறேங்குறாங்க. அதயும் கெடுத்துடாதீங்க."

"அந்த வார்த்தை அவருக்குப் பிடிக்காதேம்மா."

"அவருக்குப் புடிச்சதச் சொல்லிட்டுத்தான் ஸ்டோர்ஸ்ல போயி உக்காந்தாரு. எனக்குப் புடிச்சதுன்னு ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்."

கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஆலைமேல்கூட அல்ல, உங்கள்மேல்தான் கோபம் வந்தது. எங்கள் இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

கல்லைப் பதித்துவிட்டார்கள். தேதி சரியாக இருக்கிறது. உபயமும் இருக்கிறது, உங்கள் பெயரைவிடப் பெரிய எழுத்தில். ஆனால் லாரிகள் இன்னும் அந்த வழியாகத்தானே போகின்றன? நேற்று மாலை போய்ப் பார்த்தால், தூசி படிந்து ஓர் எழுத்தும் தெரியவில்லை. கைத்துணியை எடுத்து உங்கள் பெயரைத் துடைத்தேன். தேதியைத் துடைத்தேன். துணியை மடிக்கும்போது, பேருந்துக்கு நின்றிருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தார்.

"கீழ இன்னும் ஒரு வரி இருக்குங்களே ஐயா, அதயும் தொடச்சிடுங்க."

"அத லாரி பாத்துக்கும்மா," என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, ஏன் என்று கேட்டார். இந்த இடத்தில் மூன்று புளியமரங்கள் இருந்தன என்று தொடங்கினேன். பேருந்து நல்லவேளையாகத் தாமதமாக வந்தது. முழுவதையும் சொல்லி முடித்தேன். இனிச் சனிக்கிழமைதோறும் போவதாக இருக்கிறேன்.

தங்கள்,
காலண்டர்

இணைப்பு:
1. ஆட்சேபக் கடிதம், கையெழுத்து இல்லாதது.
2. கைத்துணி ஒன்று. துவைக்கவில்லை. என்னிடம் வேறு இருக்கிறது.