கொக்கியில் இல்லாத கண்ணாடி

மாவுன்,
ஜூலை, ஞாயிறு மாலை

அன்புள்ள மகள் வாமேவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மாடுகளும் நன்றாக இருக்கின்றன என்று தனியாக எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். உன் இருமல் விட்டதா? அபர்தீனில் இப்போது கோடை என்று சொல்லிக்கொண்டே கம்பளிச் சட்டையோடு படம் அனுப்புகிறாய், அது என்ன கோடையோ எனக்குப் புரியவில்லை. வெந்நீர் குடி, வேலை முடிந்ததும் சமைத்துச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு தூங்காதே. நேற்று நடந்ததைப் பற்றி இதற்குள் உன் சித்தி பெண்கள் ஆளுக்கொரு விதமாகப் போனில் சொல்லியிருப்பார்கள். நான் நடந்தபடி எழுதுகிறேன். முடிவை முதலில் சொன்னால் மீதியைப் படிக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியும், அதனால் வரிசையாகவே வருகிறேன்.

சனிக்கிழமை விடியலில் தூமோவின் பெரியப்பாக்கள் செரோவேயிலிருந்து உன்னைப் பெண் கேட்க வருவதாக ஏற்பாடு. மார்ச்சில் வந்தவர்களை உன் மாமா கெபோனாங் மலேரியாவில் கிடந்ததால் பேசாமலே திருப்பி அனுப்பினோம். தாய்மாமன் உட்காராமல் பேச்சு எடுக்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும், பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாம் முறையும் வெறுங்கையோடு அனுப்பினால் அதற்கு ஒரே பொருள்தான், எங்களுக்குச் சம்மதமில்லை என்று. மாமா வேலை பார்க்கும் தீவு விடுதியைச் சுற்றி வெள்ளம் ஏறிவிட்டது, விமானத்தில் வந்தால்தான் உண்டு. சுற்றுலாக்காரர்கள் வரும் மாதம் என்பதால் மற்ற விமான நிறுவனங்களில் ஓர் இருக்கை கூட இல்லை. எங்கள் பட்டறையில் நூறு மணி நேரம் பறந்ததும் செய்யும் சோதனைக்கு நின்ற சிறிய விமானம் வெள்ளிக்கிழமை மதியம் தயாராகிவிடும், அது விடுதிக்கு அரிசியும் காய்கறியும் கொண்டுபோய்விட்டு மாலையில் மாமாவை ஏற்றி வரும் என்று நானே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

சோதனை நன்றாகத்தான் நடந்தது. வடிகட்டியை வெட்டிப் பார்த்தேன், எண்ணெயில் உலோகத் துகள் ஒன்றுகூட இல்லை. என் உதவியாள் மொதூசி விமானத்தின் தரைப் பலகையைத் திறந்து, வாலுக்குப் போகும் கம்பிகளையும் அவை ஓடும் உருளைகளையும் பார்த்து, திருகாணிகள் கழன்றுவிடாமல் கட்டும் பூட்டுக் கம்பியைப் புதிதாக முறுக்கியிருந்தான். அவன் முறுக்கினால் விரலை வைத்துப் பார்க்கும்போதே தெரியும், எல்லாப் புரியும் ஒரே அளவாக இருக்கும். பலகைகளை மூடிய பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன் வழக்கம்போல் கருவிகள் மாட்டும் சுவர்ப் பலகையின் முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் சிவப்பில் வரைந்திருக்கும், எடுப்பவர் தன் பித்தளை வில்லையை அந்தக் கொக்கியில் மாட்டிவிட்டு எடுக்க வேண்டும். நீ சின்னவளாக இருந்தபோது அந்த வில்லைகளை வைத்துக் கடை விளையாடுவாய். கைக்கண்ணாடியின் இடம் காலியாக இருந்தது, இழுத்தால் நீளும் கம்பியின் முனையில் இருக்குமே அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி. அந்தக் கொக்கியில் யாருடைய வில்லையும் இல்லை.

கடைசியாக அதை எடுத்தது மொதூசி, தரைக்கடியில் உருளையின் பின்பக்கம் பார்ப்பதற்கு. ‘மாட்டிட்டேன் ம்மா, என் கையால மாட்டிட்டுத்தான் வில்லைய எடுத்தேன்’ என்றான். நம்புகிறேன், தரையைத் திற என்றேன். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன், ஆனால் வேறு எப்படிச் சொல்வது? கண்ணாடி அந்தக் கம்பிகளின் மேல் கிடந்து, விமானத்தின் மூக்கைத் தூக்க விமானி இழுக்கும்போது உருளைக்கு நடுவே போய் மாட்டினால், மொதூசியின் வார்த்தை வந்து அதை எடுத்துவிடாது. முதலாளி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தார். ‘ம்மா, ஒரு கண்ணாடிக்கா? புதுசா ஒண்ணு வாங்கிக்கலாம்’ என்றார். வாங்குங்கள், பழையது எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகு என்றேன். வெளிச்சம் இருக்கும்வரை தேடினோம், கிடைக்கவில்லை. விடுதியோடு பேசும் வானொலியில் உன் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சிரித்தான். ‘அக்கா, நீ கையெழுத்துப் போட்டியா? போடலேல்ல, அப்ப நான் இங்கயே உக்காந்து மீன் புடிக்கிறேன். நீ போடாத வண்டியில ஏறி வந்து, அப்புறம் பேசறதுக்குத் தாய்மாமன் வேணுமேன்னு நீங்க தேடவா?’ என்றான்.

வீட்டில் அப்படி யாரும் சிரிக்கவில்லை. உன் அப்பா வேலிப் பக்கம் போய்விட்டார். மாபூலா அத்தை விடவில்லை. ‘இந்தா ம்மாவாமே, உன் பேர்லயே என் மருமக பேரு இருக்கு, அவ வாழ்க்கைய விட ஒனக்கு ஒரு உள்ளங்கைக் கண்ணாடி பெருசாப் போச்சா? படிச்சவ படிச்சவன்னு தலையில தூக்கி வச்சோம், படிப்பு எங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு பாரு’ என்றாள். சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது, எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்பது, அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்காது. தூங்கினேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

விடியலில் அவர்கள் வந்துவிட்டார்கள். தொப்பியும் கோட்டுமாக முற்றத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாமா இல்லை என்றதும் தூமோவின் மூத்த பெரியப்பா கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பக்கத்து ஆளிடம் எல்லோர் காதிலும் விழும்படி, ‘மார்ச்சுல காய்ச்சல், இப்போ விமானம் கெட்டுப்போச்சாம், அடுத்த தடவை ஆத்துல முதலை மறிச்சுதும்பாங்க’ என்றார். அவர்கள் எழுந்திருக்கப் போகிறார்கள் என்று சமையல் கொட்டகையிலிருந்த பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. அத்தைக்குப் படபடப்பு வந்து, மூக்குப்பொடி டப்பாவைத் தேடிக் கைப்பையைக் கவிழ்த்தாள். டப்பா விழுந்தது, சீப்பு விழுந்தது, அதன் மேல் என் கண்ணாடி விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலை எனக்குச் சால்வை கொடுக்கப் பட்டறைக்கு வந்தவள், நான் விமானத்தின் வயிற்றுக்குள் இருந்ததால் சுவர்ப் பலகைப் பக்கம் நின்று காத்திருக்கிறாள். புதுத் தலைத்துணி எப்படி இருக்கிறது என்று கண்ணாடியை எடுத்துப் பார்த்திருக்கிறாள், போன் அடித்திருக்கிறது, பேசிக்கொண்டே பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ‘கண்ணாடின்னு ஒண்ண செவுத்துல மாட்டி வச்சா மூஞ்சி பாக்கத்தானே’ என்றாள். பட்டறையில் இருந்த எல்லோரையும் கேட்ட நான், வந்துபோனவர் யார் என்று கேட்கவே இல்லை. இனிமேல் கேட்பேன்.

இதைக் கவனமாகப் படி. முற்றத்திலிருந்த ஆண்கள் எதையும் பார்க்கவில்லை. அத்தை கண்ணாடியைத் திரும்பப் பைக்குள் போட்டிருந்தால் கொட்டகைக்குள்ளேயே முடிந்திருக்கும், பழி என் மேலும் விமானத்தின் மேலும் இருந்திருக்கும். அவள் எழுந்து, சால்வையைச் சரிசெய்து, நேராக அவர்கள் முன்னால் போய் மண்டியிட்டாள். கண்ணாடியை இரண்டு கையிலும் ஏந்தி, ‘அப்பாமாரே, விமானத்துல ஒரு கொறையும் இல்ல, எங்களுக்கு மனசில்லாமலும் இல்ல. இத எடுத்தவ நான். இது எங்கன்னு தெரியாம எங்க வாமேவோட அம்மா தன் கூடப்பொறந்தவனையே ஏத்தமாட்டேன்னுட்டா’ என்றாள். நம் குடும்பத்தில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு அறியாதவள் அவள். அதை நான் செய்திருப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை. மூத்தவர் கண்ணாடியை வாங்கி, தன் மீசையைப் பார்த்துக்கொண்டார். பிறகு, ‘விடியல் நாளைக்கும் வரும், எங்களுக்குப் படுக்கப் பாய் இருக்கா?’ என்று கேட்டார்.

நான் கண்ணாடியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, நீலப் பாவாடையும் சால்வையுமாகவே பட்டறைக்கு ஓடினேன். அதைக் கொக்கியில் மாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. திறந்ததையெல்லாம் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்தேன், பலகைகளை மூடினோம், கையெழுத்துப் போட்டேன். மொதூசியிடம், நீ சொன்னது சரி என்றேன். ‘இருக்கட்டும் ம்மா, அடுத்த தடவை தரையத் திறக்கறதுக்கு முன்னாடி அத்தையோட பையத் திறப்போம்’ என்றான். மதியத்துக்குப் பிறகு உன் மாமா சேற்றுக் காலோடும் ஒரு சாக்கு மீனோடும் வந்து இறங்கினான். இன்று விடியலில் பேச்சு நடந்தது, கேட்டார்கள், சரி என்றோம். டிசம்பரில் உனக்குக் கல்யாணம். இடித்த மாட்டிறைச்சியும் களியும் போட்டு அனுப்பினோம், பெரியப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கண்ணாடிதான் விமானத்தில் இல்லையே, வெள்ளிக்கிழமையே விட்டிருக்கலாம் என்று உன் சித்தி இப்போதும் சொல்கிறாள். விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, உண்மைதான். இன்று தெரிகிறது, வெள்ளிக்கிழமை தெரியாது. நாளைக்கு ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் தரையைத் திறப்பேன்.

அத்தையை வைத்துப் பிள்ளைகள் நடித்துக் காட்டிச் சிரிக்கிறார்கள், நீ சேராதே. முதலில் அவளுக்குப் போன் செய், பிறகு எனக்கு. விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடு. நீ போகும் வழியெல்லாம் மழை பெய்யட்டும், உன் கையும் காலும் சுகமாக இருக்கட்டும், உன்னை வளர்த்தவர்களின் வாழ்த்து உன் கூடவே இருக்கட்டும். வரும்போது அத்தைக்கு ஒரு கண்ணாடி வாங்கி வா, மூடி போட்டதாக, கைப்பையில் அடங்குவதாக. அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்கிறேன்.

உன் அம்மா,
ம்மாவாமே