போர் விமானமும் அம்மாவின் கன்னமும்

பிப். 2, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எட்டு மணிவரை எதிர்வீடு தெரியவில்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். எனக்குச் சாதகமாக ஒரு வரிகூட மாற்ற மாட்டேன். யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் பயமும் இல்லை.

விமானம், நான் ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாடல்: வெள்ளி கோட் காய்ந்துவிட்டது. அறுவடை மிஷின்கள் ஓடுவதால் வைக்கோல் தூசு. ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பெயின்ட் அடிக்க முடிகிறது. பத்தாம் வகுப்பு மார்க்குக்காக மாமா வாங்கித் தந்த, காற்றால் பெயின்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இப்போதுதான் என் பேச்சைக் கேட்கிறது. பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். தயிராக இருந்தால் துப்பும்.

இன்று உப்பு வேலை. வெள்ளி மேல் ஈரம் தொட்டு உப்புப் பொடி தூவி, அதன் மேல் சாம்பல் நிறம். காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அங்கங்கே வெள்ளி எட்டிப் பார்க்கும், பெயின்ட் பெயர்ந்த மாதிரி. கண்ட இடத்தில் தூவக் கூடாது. பைலட் கால் வைத்து ஏறும் இடம், மெக்கானிக் கழற்றி மாட்டும் மூடிகள். அடிபடுகிற இடத்தில்தான் அடையாளம் இருக்கும்.

கல் உப்பைப் பொடிக்க அடுப்படியிலிருந்து ஜாடியையே தூக்கி வந்துவிட்டேன்.

மதியம் அப்பா உரக்கடையிலிருந்து சாப்பிட வந்தார். ரசத்தில் உப்பில்லை. அம்மா உப்பைத் தேடிக் கூப்பிட்டிருக்கிறாள். ஏர்பிரஷுக்குக் காற்று தரும் கம்ப்ரசர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அடுத்தது கேட்டது.

"வாயில வைக்க முடியுதா இதை? மாட்டுக்குக்கூட வைக்க மாட்டாண்டி!"

எவர்சில்வர் சொம்பு. இடது கன்னம். பிறகு முடியைப் பிடித்துச் சுவரில் ஒரு தள்ளு. நான் வாசற்படியில், கையில் ஏர்பிரஷோடு.

"உப்பு எங்கிட்டதான்ப்பா இருக்கு."

"நீ உள்ள போம்மா" என்றார், சாதாரணக் குரலில்.

போனேன். இதையும் எழுத வேண்டும். போனேன்.

பிப். 3, திங்கள்

கெமிஸ்ட்ரி டெஸ்ட். சுமார்.

அம்மாவின் கன்னம்: நடுவில் கருநீலம், சுற்றிலும் சிவப்பு. எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாது. இன்ஜின் புகைக் கறையை இப்படித்தான் அடிக்க வேண்டும், ஓரம் தெரிந்தால் பொய். இப்படி நினைத்ததற்கு என் கையை நானே கிள்ளிக்கொண்டேன். கன்றிவிட்டது.

உப்பை உதிர்த்தேன். இறக்கையில் வெள்ளி அழகாகத் தெரிகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

பிப். 5, புதன்

ஸ்கூலுக்கு லீவு. திருவாரூரில் வளைகாப்பு. அத்தையின், அதாவது மாமா பெண்டாட்டியின், தங்கைக்கு. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

"பாப்பா, ஒன் மிஷினால இதை மறைக்க முடியுமா?" என்று அம்மா கன்னத்தைக் காட்டினாள்.

ஏர்பிரஷின் பெயின்ட் கப்பை மூன்று முறை கழுவினேன். அம்மாவின் ஃபவுண்டேஷனைப் பன்னீரில் கரைத்து வடிகட்டி, காற்றை ரொம்பக் குறைத்து. முதலில் கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, நீலம் அடங்க. பிறகு தோல் நிறம், மெல்லிசு மெல்லிசாக. அம்மா கண்ணை மூடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரு கன்னம் வந்தது.

பந்தியில் அத்தை: "அண்ணி மொகம் என்னமா பளபளங்குது! அண்ணன் நல்லா வச்சுக்கிறாங்க போல."

"பின்ன?" என்று அப்பா லட்டைப் பிட்டார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மை. லட்டு தீரும்வரை பெருமையாகத்தான் இருந்தது.

பிப். 6, வியாழன்

பனி இல்லை. வெயில்.

அம்மா முதல் தடவையாக மாமாவிடம் போனில் வாய்விட்டுச் சொன்னாள். மாமாவுக்கு அதிராம்பட்டினத்தில் மீன்பிடி போட்டு. கடலிலிருந்து சிக்னல் கிடைத்துப் பேசினார், ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"என்னக்கா சொல்ற? நேத்துதான் எம் பொண்டாட்டி ஒன்னப் பாத்துட்டு, மொகம் பளபளன்னு இருக்குன்னா. அத்தான் தங்கமான மனுசன். கோவம் யாருக்கு இல்ல?"

"நான் பொய்யா சொல்றேன்?"

"அப்படி சொல்லலக்கா. திங்கக்கெழம வர்றேன். நேர்ல பேசிக்கலாம்."

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

சாயங்காலம் அப்பா அம்மாவின் போனை வாங்கிப் பார்த்தார். வாசல் கல்லில் வைத்துக் குழவியால் நாலு போடு. கண்ணாடித் தூள் என் பாவாடைவரை. "இப்பப் பேசு ஒன் தம்பிகிட்ட." அம்மாவைத் தொடவில்லை. பெருக்கியது நான்.

பிப். 10, திங்கள்

மாமா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஸ்கூல் விட்டு வந்ததும் அம்மா என்னைக் கண்ணாடி முன்னால் கூப்பிட்டாள். கன்னத்தில் வெறும் மஞ்சள் நிழல். லைட் போட்டால் அதுவும் இல்லை.

"அன்னைக்கி இருந்த மாதிரியே திரும்ப வரைஞ்சுடு."

"பொய்யாயிடும்மா."

"அடிச்சது பொய்யா?"

ஏர்பிரஷை எடுத்துக் கழுவினேன். இரண்டு வார்த்தையில் ஒரு பரீட்சை.

மாடல் பெயின்ட் தோலுக்கு ஆகாது. கண்மை, குங்குமம், மஞ்சள்தூள். பன்னீரில் கரைத்து வேட்டித் துணியில் வடிகட்டியும் மஞ்சள் ஏர்பிரஷ் ஊசியில் இரண்டு தடவை அடைத்தது. நடுவில் கண்மை. அதைச் சுற்றிக் குங்குமம், கொஞ்சமாக. எட்டு நாள் ஆன காயம் என்பதால் ஓரமெல்லாம் மஞ்சள். நாள் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து அடித்தேன். விமானத்தைவிட நன்றாக வந்தது.

வாசலில் மாமா வண்டிச் சத்தம். அம்மா டீ டம்ளர் விளக்கிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் சோப்புக் கையால் வேர்வையைத் துடைத்துவிட்டாள். மஞ்சளில் சோப்பு. ஆரத்தித் தண்ணி மாதிரி ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு. நான் பார்த்தேன். சொல்ல நேரமில்லை. மாமாவும் கடையிலிருந்து அப்பாவும் ஒன்றாக உள்ளே வந்தார்கள், சிரித்துக்கொண்டு.

மாமா சிரிப்பு நின்றது. "இது இன்னைக்கி விழுந்த அடிடா."

அறை. அப்பா பீரோவில் போய் மோதினார். மேலிருந்த விமானம் கீழே. மாமாவின் குதிகால் அதன் மேல். இறக்கை சட்டென்று முறிந்தது. இன்னொரு அறை. அப்பாவின் உதடு கிழிந்தது. அப்பா அடுப்படிக்குள் ஓடி அரிவாள்மனையைத் தூக்கப் போனார். அம்மா அதன் பலகை மேல் ஏறி நின்றுகொண்டாள். தூக்க முடியவில்லை.

அப்பா மாமாவைப் பார்த்துக் கத்தினார். "நான் இந்த வாரம் இவளத் தொடவே இல்லடா! அன்னைக்கி சொம்பால போட்டதோட சரி! எம்பொண்ண கேளு!"

வாசலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். வாய் மூடவே இல்லை, ரத்தம் தாடையில்.

என்னைக் கேட்டார்கள். சொன்னேன். சொம்பு, சுவர், போன தீபாவளிக்கு விழுந்த அடி, எல்லாம்.

அம்மா ஈரத் துண்டால் கன்னத்தைத் துடைத்தாள். சிவப்பும் கறுப்பும் துண்டில். அதை மாமாவிடம் நீட்டினாள்.

"இது நாங்க வரைஞ்சது. வரையலன்னா நீ நம்பியிருக்க மாட்ட தம்பி."

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். விமானத் துண்டு தொடையில் குத்தியும் எழுந்திருக்கவில்லை. "சாமான எடுத்து வையிக்கா" என்றார்.

என் பை: யூனிபார்ம் இரண்டு, புத்தகங்கள், ஏர்பிரஷ். கம்ப்ரசர் கனம், விட்டுவிட்டேன். இறக்கை வேண்டாம்.

கிளம்பும்போதும் அம்மாவுக்கு அதே பழக்கம், கரண்ட் வீணாகக் கூடாது. என் ரூம், அடுப்படி, வாசல் என்று ஒவ்வொரு லைட்டாக அணைத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக ஹால். அப்பா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதையும் அணைத்தாள்.