இரண்டாவது டிஸ்க்

ஜாலான் புசார், சிங்கப்பூர்
7-3-1988

அன்புள்ள ஆம்ப்ரோஸ்,

இங்கே சுகம். பெர்த்தில் நீயும் பிலோமினாவும் எப்படி? பொங்கலுக்கு எழுதினேன், பதில் இல்லை. ஆஸ்திரேலியாவில் தபால்தலைக்குப் பஞ்சமா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிக் கொடுத்த தமிழ் அச்சு புரோகிராம் புதுக் கம்ப்யூட்டர்களில் சரியாக ஓடவில்லை. எழுத்து வருகிறது, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு மட்டும் வரிக்கடைசிக்கு ஓடிவிடுகிறது. நீ இங்கே போய்வந்த பங்குக் கோவில் இதழ், தைப்பூச அறிவிப்பு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள். பதினேழு இடம். பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன; அத்தனை பேரும் பிரிண்டர் வாங்கிய என் கடை வாசலில் நிற்கிறார்கள். ஒரு வாரம் வந்து சரிசெய்து கொடு. டிக்கெட் என் பொறுப்பு.

உன்
வேலாயுதம்

பெர்த்
18-3-1988

அருமை வேலு,

நான் சொல்லச் சொல்லப் பிலோமினா எழுதுகிறாள். எனக்கு இரண்டு கண்ணிலும் அழுத்த நோய். திரையில் எதுவும் தெரிவதில்லை. உனக்குப் பதில் எழுதாததும் அதனால்தான்; கோபிக்காதே.

இனி வேறொருவர்தான் புரோகிராமைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த பிள்ளைகள் அங்கே இருப்பார்கள், தேடு. உன்னிடம் இரண்டு டிஸ்க் கொடுத்தேன். முதலாவது, கம்ப்யூட்டரில் ஓடுவது. சிவப்புத் தாள் ஒட்டிய இரண்டாவதில் அந்தப் புரோகிராமுக்காக நான் எழுதிய மூல வரிகள் இருக்கின்றன. அது இருந்தால் யாரும் திருத்தலாம். இல்லையென்றால் எழுதியவனாலும் முடியாது. என் பிரதி இங்கே வரும்போது கப்பலில் நனைந்து போயிற்று. கேட்பவர்களுக்கு இரண்டையும் சும்மா கொடு என்றேனே, கொடுத்தாய் அல்லவா?

அன்புடன்
ஆம்ப்ரோஸ்

ஜாலான் புசார்
5-4-1988

ஆம்ப்ரோஸ்,

உன் கண்ணைப் பற்றிப் படித்த அன்று கடையைத் திறக்கவில்லை.

ஆள் கிடைத்துவிட்டாள். உர்சுலா. உன் பழைய பங்குக் கோவிலைச் சேர்ந்த பெண், பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். வந்ததும் சிவப்புத் தாள் ஒட்டியதைத்தான் கேட்டாள்.

அது இல்லை, ஆம்ப்ரோஸ். யாருக்கும் நான் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் பக்கத்துக் கடைக்காரன் திருத்தித் தன் பிரிண்டருக்குப் பொருத்திக்கொள்வான். அப்புறம் பிரிண்டருக்கு மை ரிப்பன் வாங்க என்னிடம் எவன் வருவான் என்று நினைத்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு டிஸ்க் தட்டுப்பாடு. சும்மா கிடக்கிறதே என்று அதை அழித்து, ஓடுவதை ஏற்றி விற்றேன். அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். துணிவில்லை.

அன்று விற்ற டிஸ்க்கில் உன் வரி ஏதாவது அழியாமல் மிஞ்சியிருக்காதா என்று பதினேழு இடத்துக்கும் அலைந்தேன்; எங்கும் இல்லை. பங்குக் கோவிலில் ஈஸ்டர் இதழைக் கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். “உங்க புரோகிராம் செத்துப்போச்சா அங்கிள்?” என்று சிரிக்கிறார்கள்.

உர்சுலா சிரிக்கவில்லை. “அங்கிள், இத்தனை வருஷத்துல ஒருத்தருக்காவது ரெண்டையும் குடுத்தீங்களா?” என்றாள். இல்லை என்றேன். “ஒருத்தருக்குக் குடுத்திருந்தாப் போதும்லா” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தாள். முதலிலிருந்து எழுதுகிறாளாம். ஆனால் புதியது என் கடையில் இருக்காது. கேட்பவர்களுக்கு அவளே இரண்டு டிஸ்க்கும் கொடுப்பாள். சரி என்றேன், வேறென்ன சொல்ல?

அந்தக் கொம்பை எழுத்துக்கு முன்னால் எப்படி நிறுத்தினாய் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. உனக்கு நினைவிருப்பதை வாயால் சொல்லி எழுதச் சொல். என்மேல் உள்ள கோபத்தில் அவளிடம் சொல்லாமல் இருந்துவிடாதே. காலில் விழுந்து கேட்கிறேன்.

எனக்கு எழுத வேண்டாம். அவள் பெயர், முகவரி எழுதிய உறையை உள்ளே வைத்திருக்கிறேன். தபால்தலை பற்றி அன்று எழுதியதை மறந்துவிடு.

வேலாயுதம்