மரக்கட்டையில் இருந்த எழுத்து

12 மார்ச் 1942

சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்ததிலிருந்து, அடுத்து இங்கேதான் வருவான் என்று என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் இல்லை. பினாங்கில் ஜப்பான்காரன் போட்டோக் கடைக்கு அடுத்த ஜவுளிக் கடையில் துணி மடித்தவர். போன வருஷம் அந்த வேலை போய் ஊர் திரும்பினார். போட்டோக்காரன் குழந்தை விளையாடிய மரக்கட்டை ஒன்று இவரிடம் இருக்கிறது. அதில் ஒரு ஜப்பான் எழுத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். இன்று எனக்கும் கொழுந்தன் ராக்கனுக்கும் காட்டி, "இதுதான் அவுக மொத எழுத்து, நம்ம அனா மாதிரி" என்றார். உடனே துண்டில் சுற்றிப் பெட்டியில் பூட்டிவிட்டார். கடலைக் கொல்லை காய்கிறது. அதைக் கேட்க நாதியில்லை.

15 மார்ச்

ஆலங்குடிப் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சர் பிரகதாம்பாள் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஜூன் முதல் சின்ன வகுப்புக்கு ஆள் வேண்டுமாம். எட்டாவது பாஸ் செய்த நான் போதுமாம்! இவரிடம் கேட்டேன். "ஜப்பான்காரன் வந்தா பள்ளிக்கூடத்துல அவன் எழுத்துதான். அது தெரியாம டீச்சரா போயி என்னத்தக் கிழிப்பே? மொத எழுத்தை ஒழுங்கா எழுதிக் காட்டு. ஜூன் பொறந்ததும் நானே பஸ் ஏத்திவிடுறேன்."

சரி. ஒரே ஓர் எழுத்துதானே.

16 மார்ச்

தமிழ் எழுதிப் பழகிய கை. அன்று கட்டையில் பார்த்த நினைவில், கோலம் போடுகிற மாதிரி ஒரே இழுப்பில் முடித்துவிட்டேன். "மூணு கோடு. ஒவ்வொண்ணுக்கும் கையை எடுக்கணும்" என்றார். அது என் தப்புதான்.

22 மார்ச்

குறுக்கே ஒன்று, மேலிருந்து கீழே ஒன்று, பிறகு சுற்றி வரும் வளைவு. அடுப்படிச் சுவரில் கரியால் பெரிதாக எழுதிக் காட்டினேன். "வயிறு பெருசு. வாலும் கோணல்" என்றார். ராக்கன் எழுதியது நசுங்கின நண்டு மாதிரி இருந்தது. அவனுக்கு மட்டும் "பலே!"

9 ஏப்ரல்

கோணலாம்.

20 ஏப்ரல்

குண்டு போடுவான் என்று பட்டணத்துச் சனங்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறார்கள். இவர் அவர்களிடமும் போய், எழுத்துக் கற்றுத் தருகிறேன் என்கிறார். மானம் போகிறது. தோசைக்கல்லில் மாவு ஊற்றினாலும் என் கை அதே எழுத்தை இழுக்கிறது. அதையும் எட்டிப் பார்த்து, "சரியில்ல" என்றார். ஆனால் தின்றார்.

18 மே

இவர் அறந்தாங்கிச் சந்தைக்குப் போயிருக்கிறார். பெட்டிச் சாவியை மறந்து வைத்துவிட்டார். திறந்தேன். சுவரில் நான் எழுதியதற்குப் பக்கத்தில் கட்டையைப் பிடித்துப் பார்த்தேன். வயிறு சரி. வாலும் சரி. மார்ச் மாதமே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்!

இவன் தெரிந்தே செய்திருக்கிறான். — இவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன்.

19 மே

சாப்பிட உட்கார்ந்தவரைச் சுவருக்கு முன்னால் கூப்பிட்டேன். கட்டையைக் கையில் கொடுத்தேன்.

"எது கோணல்? காட்டுங்க."

"எம் பெட்டியை ஏண்டி தொறந்தே?"

"எது கோணல்ங்க?"

கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பினாங்கு வேலையும் போச்சு. பொண்டாட்டி சம்பாதிச்சு இவன் திங்கிறான்னு ஊரு சிரிக்காதா?" என்றார்.

அதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருக்கலாமே! சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ஒருவேளை அடங்கியும் போயிருப்பேன். என் கையே கோணல் என்று என்னையே நம்பவைத்தாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. "ஜூன்ல பஸ் ஏத்திவிடுறேன்னீங்க. ஏத்திவிடுங்க. இல்லாட்டி நானே ஏறிக்கிருவேன்" என்றேன்.

1 ஜூன்

நானே ஏறினேன்.

8 ஜூன்

அந்தக் கட்டையை கால் குட்டையாகி ஆடுகிற அடுப்படிப் பலகைக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். இவர் பார்த்தார், எடுக்கவில்லை.

இன்று வகுப்பில் செவந்தி என்ற பிள்ளை சிலேட்டை நெஞ்சோடு மறைத்துக்கொண்டு நின்றது. "கோணலா இருக்கும் டீச்சர்" என்றது. வாங்கிப் பார்த்தேன். கோணல்தான், கொஞ்சம்.

"அனாதான். நல்லாத் தெரியுது. அடுத்த எழுத்தை எழுது" என்றேன்.